மிக்கேலம்மாளின் நீல நாடா

மாதா சபைப் பெண்கள் கழுத்தில் அணிகிற நீல நாடா அந்த ஊரில் மொத்தம் இருபத்திரண்டு இருந்தது. அதில் இருபத்தொன்று டிரங்குப் பெட்டிக்குள் அந்துருண்டை வாசத்தோடு மடிந்து கிடக்கும். திருவிழா வந்தால்தான் வெளிச்சம் பார்க்கும். மிச்சமிருந்த ஒன்று மட்டும் தினமும் வேலைக்குப் போய் வந்தது. வெல்ல ஆலைக் கொட்டாயில், புகைக்கும் ஆவிக்கும் நடுவே, மிக்கேலம்மாளின் கழுத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் அது கிடந்தது. அதைக் கழற்றித் தரச் சொல்லிச் சபையிலிருந்து மூன்று தடவை ஆள் வந்தார்கள். மூன்று தடவையும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.

காரிமங்கலத்திலிருந்து பாலக்கோடு போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி ஒன்றரை மைல் நடந்தால் அந்த ஊர் வரும். ஓடைக்கு இந்தப் பக்கம் மாதா கோயிலைச் சுற்றி முப்பது வீடு. அந்தப் பக்கம் தீர்த்தகிரியின் கரும்புத் தோட்டமும் ஆலைக் கொட்டாயும். மிக்கேலம்மாள் அந்தக் கொட்டாயில் பதினாறு வருஷமாக வேலை பார்த்தவள். சக்கை காயப்போடுகிற கூலியாகப் போனவள்தான். போகப்போகப் பாகு காய்ச்சுகிற கொப்பரைக்குப் பக்கத்தில் வந்து, கடைசியில் பதம் பார்க்கிறவளாகவே ஆகிவிட்டாள். சாதாரணமாக அது ஆண்கள் பார்க்கிற வேலை. பாகை ஒரு நிமிஷம் முந்தி இறக்கினால் வெல்லம் மழைக்காலத்தில் கசிந்து அழும். ஒரு நிமிஷம் பிந்தினால் கருகிக் கசக்கும். இவள் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்து "இறக்கு" என்றால் இறக்க வேண்டியதுதான், மறுபேச்சு கிடையாது. தீர்த்தகிரி யாரையும் சட்டென்று பாராட்டுகிற ஆள் இல்லை. அவரே சந்தையில் தன் வெல்லத்தைப் பற்றிப் பேசும்போது அவள் பெயரைச் சொல்லாமல் இருந்ததில்லை.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு வருகிறவர்களுக்குச் சாறு இஷ்டம்போல. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு, வெயில் ஏறியதும் ஒரு சொம்பு, மத்தியானம் சோற்றுக்குப் பதிலாக இரண்டு சொம்பு. கூடவே சுடச்சுட ஒரு உருண்டை வெல்லம். யாரும் தூக்குப்போசியில் கஞ்சி கொண்டு வருவதில்லை. சாறு இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிடுவார்கள். தீர்த்தகிரிக்கும் அது சௌகரியம்தான், சாப்பிடுகிற நேரம் மிச்சமாகிறது. மிக்கேலம்மாள் இதற்கு மேல் ஒவ்வொரு கொப்பரைக்கும் நாலைந்து தடவை பாகை நாக்கில் வைப்பாள். பதினாறு வருஷம். அவளைக் கேட்டால் இதையெல்லாம் சாப்பாடு என்றே சொல்லமாட்டாள். காற்று போல, தண்ணீர் போல, அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அவள் புருஷன் சின்னப்பராஜ் எண்பத்து மூன்றில் செத்தான். சாராயம். வயிறு பானையாக உப்பி, கண் மஞ்சளாகி, தருமபுரி பெரியாஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்து போனான். அவள் கற்றுக்கொண்ட முதல் இங்கிலீஷ் வார்த்தையே 'லிவர்' என்பதுதான். அவனைப் புதைத்த மாதமே மாதா சபையில் சேர்ந்தாள். சபையில் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரக்கூடாது என்று விதி இருந்தது. மற்றவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு ஜெபம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் சாராயக் கடைக்கு நேராகப் போய், சபைப் பெண்களின் புருஷன்மார் யார் உட்கார்ந்திருந்தாலும் தோளில் கிடக்கும் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அவரவர் வாசலில் விடுவாள். அப்படி இழுபட்டவர்களில் சபைச் செயலாளர் சகாயமேரியின் புருஷனும் ஒருவன். ஊரில் பாதி ஆண்களுக்கு அவள் மேல் வயிற்றெரிச்சல் இருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எண்பத்தாறு ஆடியில் அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே கனமாக ஒரு வலி வந்தது. கொப்பரை முன்னால் நின்றால் கால் தளர்ந்தது. ஆலையில் கூட வேலை பார்க்கிற காவேரிக்குக் கன்னடம் வீட்டுப் பேச்சு. அவள்தான் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றில் பசை தடவி, ஒரு கருவியை உருட்டி, டிவிப் பெட்டி போன்ற ஒன்றில் பார்த்தார்கள். ஸ்கேன் என்றார்கள். டாக்டரம்மா குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மிக்கேலம்மாளுக்குச் சுருக்கென்றது.

"எத்தினி தடவ கேட்டாலும் அதாங்க பதிலு. எம் புருசன் குடிச்சான், செத்தான். நான் மோந்துகூடப் பாத்ததில்லீங்க."

கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, எண்ணெயையும் கறியையும் குறை, உடம்பு எடையைக் குறை, ஐந்து மாதம் கழித்து வா என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. ஏன் படிந்தது என்பதை அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது காரிமங்கலத்தில் வழக்கமாக ஊசி போடுகிற டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டப் போனாள். டாக்டர் வெளியே போயிருந்தார். கம்பவுண்டர் அர்ச்சுனன் காகிதத்தை வாங்கி, பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, எழுத்துக்கூட்டி வாசித்தான். லிவர்ல கொழுப்புன்னு போட்டிருக்குது, இது குடிக்கிறவங்களுக்கு வர்றதும்மா என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். பெஞ்சில் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதற்கப்புறம் என்ன, அவள் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் நடந்து ஊருக்குள் வருவதற்குள் சேதி வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது.

ஊர் சும்மா இருக்குமா. ஆலையில் கெட்டுப்போகும் வெல்லத்தைச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவது எல்லோருக்கும் தெரியும். அங்கே வேலை பார்க்கிறவளுக்கு ஒரு புட்டி வராமலா இருக்கும் என்று ஆரம்பித்தார்கள். புருஷனோடு சேர்ந்தே பழகியிருப்பாள் என்றார்கள். அவன் செத்ததே இவள் ஊற்றிக் கொடுத்துத்தான் என்கிற வரைக்கும் போனது. துண்டு இழுபட்டவர்களுக்கெல்லாம் அந்த மாதம் கொண்டாட்டம். அதுவரை அவளைக் கண்டால் சந்துக்குள் ஒதுங்கினவர்கள் இப்போது எதிரே நின்று பல்லைக் காட்டினார்கள். சின்னப்பராஜைக் கொன்ற நோய், அவள் கண்ணெதிரே அவனை அணு அணுவாகத் தின்ற நோய், அதே பெயரில் தன் காகிதத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று தனியாக இருக்கும்போது அழுதாள். வெளியே வந்தால் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள்.

செப்டம்பர் எட்டில் மாதா திருவிழா. அதற்கு முன்னால் சபை கூடியது. சகாயமேரி கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஆனால் புருஷனை ஊர் பார்க்க இழுத்து வந்து வாசலில் போட்ட கோபம் அவளுக்குள் இருந்தது. அது கோபம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது, விதி என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள். மாதா பீடத்து முன்னால் மெழுகுத்திரி ஏற்றிக் கையில் பிடித்து, குடிக்கவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும், இல்லையென்றால் நாடாவைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று தீர்மானம் ஆனது. பங்குச் சாமியாரும், சத்தியம் பண்ணிவிட்டால் பேச்சு முடிந்துவிடுமே என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆள் ஆளுக்கு, ஒரு வார்த்தை சத்தியம் பண்ணினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார்கள். மிக்கேலம்மாள் எல்லோரும் பேசி முடிக்கிற வரை இருந்தாள்.

"பண்ணாத தப்புக்குத் திரி ஏத்த மாட்டன் மேரி. சந்தேகப்பட்டது நீங்க. வேணும்னா நீங்க ஏத்துங்க. நாடா எங் கழுத்துல இருக்குது, கழட்டறவ வந்து கழட்டட்டும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று போட்ட நாடாவை அவள் அதற்கப்புறம் கழற்றவே இல்லை. குளிக்கும்போது மட்டும் ஆணியில் மாட்டுவாள், துவட்டியதும் எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

திருவிழா அன்று சப்பரத்துக்கு முன்னால் சபைப் பெண்கள் இரட்டை வரிசையில் போனார்கள். மிக்கேலம்மாள் தன் இடத்தில் வந்து நின்றாள். முன்னால் இருந்தவள் இரண்டு முழம் முன்னே நகர்ந்தாள். பின்னால் இருந்தவள் இரண்டு முழம் பின்னே நின்றாள். பக்கத்தில் ஆளே இல்லை. அப்படியே, நடுவில் ஒற்றை ஆளாக, ஊரைச் சுற்றி வந்தாள். பாட்டை மற்றவர்களை விடச் சத்தமாகப் பாடினாள் என்று காவேரி பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அவளைக் குடிகாரி என்றவர்களே அவள் மேல் இரக்கமும் பட்டார்கள். ஊர்ப் பழக்கம் அது. பழியும் போடுவார்கள், பத்தியமும் சொல்வார்கள். அங்கே கல்லீரல் என்றால் மஞ்சள் காமாலைதான். கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தார்கள். குளுக்கோஸ் பாக்கெட் கொண்டு வந்து வைத்தார்கள். எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னது, கரும்புச் சாறு குடி, கல்லீரலுக்கு அதைவிட நல்லது கிடையாது. மிக்கேலம்மாளுக்கு அந்தப் பேச்சு மட்டும் பிடித்தது. ஆலைக்காரிக்குச் சாறுக்கா பஞ்சம்? டாக்டரம்மா சொன்னபடி கறியை நிறுத்தினாள், முட்டையை நிறுத்தினாள், தாளிக்கிற எண்ணெயைக்கூட நிறுத்தினாள். வலிக்கிற உடம்போடு கேழ்வரகு திரிக்க முடியாமல் ரேஷன் அரிசியைக் குழைய வடித்துத் தின்றாள். நாலு சொம்பு சாறு ஆறு சொம்பு ஆனது. சாற்றில் எண்ணெய் ஒரு பொட்டும் இல்லை என்பதில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

டிசம்பரில் மறுபடியும் பெங்களூர் போனார்கள். கொழுப்பு கூடியிருந்தது. டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மிக்கேலம்மாள் முந்திக்கொண்டாள், குடிக்கிறாயா என்று இன்னொரு தடவை கேட்டால் எழுந்து போய்விடுவேன் என்று. டாக்டரம்மா கேட்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து ராத்திரி வரை ஊட்டா, அதாவது சாப்பாடு, என்ன என்ன, ஒன்று விடாமல் சொல் என்றார். அவள் சொன்னாள். சோறு, ரசம், உப்புமாங்காய். அவ்வளவுதான். டாக்டரம்மாவுக்குப் பிடிபடவில்லை. காவேரிதான் ஓரமாக நின்று, சாறை உட்டுட்டியேக்கா என்றாள்.

"என்ன சாறு?"

"கரும்புச் சாறுங்க. ஆலையில குடிக்கிறது."

"ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்?"

"டம்ளர் இல்லீங்க. சொம்பு. ஆறு சொம்பு."

டாக்டரம்மா பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார். வெல்லம் எவ்வளவு, பாகு எவ்வளவு, எத்தனை வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டு முடித்து, போன தடவையே நான் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்றார். பெரிய படிப்புப் படித்தவர் ஒருவர் தன்னிடம் அப்படிச் சொன்னதை மிக்கேலம்மாள் கடைசி வரை மறக்கவில்லை.

குடிக்காதவர்களுக்கும் இது வருகிறது, இப்போதுதான் நாங்களும் நிறையப் பார்க்கிறோம் என்று அவர் விளக்கினார். உடம்புக்கு வேண்டிய அளவுக்கு மேல் இனிப்பு போனால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றித் தனக்குள்ளேயே அடுக்கி வைக்கும். அடுக்கினது நாளானால் இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உள்ளே கெட ஆரம்பிக்கும். கீரை, காய், நெல்லிக்காய், கொய்யா, பயறு, தோல் போகாத தானியம், இவற்றில் அந்தத் துருவைத் தடுக்கிற சத்து இருக்கிறது என்று படிக்கிறோம். மருந்து என்று சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் நல்லது. முதலில் சாற்றை நிறுத்து, எடையைக் குறை, அதுதான் முக்கியம். மாத்திரை ஒன்றும் எழுதவில்லை.

துரு என்றதும் மிக்கேலம்மாளுக்குப் புரிந்துவிட்டது. ஆலை நிற்கிற மாதங்களில் கொப்பரையைப் புளி போட்டுத் தேய்த்து வைக்காவிட்டால், பாகு ஒட்டின இடத்தில்தான் முதலில் செம்மண் நிறமாகப் பூக்கும். தன் வயிற்றுக்குள் பதினாறு வருஷமாகக் கழுவாத கொப்பரை ஒன்று இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இலவசம் என்று ஊற்றினவர் மேல் கோபம், வாங்கிக் குடித்த தன் மேல் அதைவிடக் கோபம்.

காவேரிக்கு ஒரே சந்தோஷம். நேராகச் சபைக்குப் போய்ச் சொல்லிவிடலாம், சாறால்தான் வந்தது என்று டாக்டரே சொன்னதாகச் சொல்லிவிடலாம் என்றாள்.

"குடிக்கலன்னு சொன்னப்ப நம்பலியே. சாறுன்னா மட்டும் நம்பிப்புடுவாளுங்களா? நான் ஒருக்காதான் சொல்லுவன் காவேரி."

மறுநாள் ஆலையில் சாற்றுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். பாகை நாக்கில் வைக்கமாட்டேன் என்றாள். தீர்த்தகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாக்கு இல்லாமல் பதம் எப்படிப் பார்ப்பாய், இது என்ன கூத்து, ஒரு கொப்பரை கெட்டாலும் நீ சக்கை காயப்போடத்தான் போகணும் என்றார். போறேன், கெட்டால் போறேன் என்றாள் அவள். ஒரு சொட்டைப் பச்சைத் தண்ணீரில் விட்டு, கரைகிறதா திரள்கிறதா என்று பார்த்தாள். திரண்டதை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினாள். உருட்டினதைத் தகரத்தில் எறிந்து சத்தம் கேட்டாள். 'டக்' என்று விழுந்தால் பதம், 'சப்' என்று விழுந்தால் இன்னும் கொதிக்க வேண்டும். முதல் மாதத்தில் இரண்டு கொப்பரை இளக்கமாகப் போனது. தீர்த்தகிரி கத்தினார். கத்தி முடிக்கிற வரை நின்று கேட்டுவிட்டு, அடுத்த கொப்பரைக்குப் போனாள். மூன்றாவது மாதத்திலிருந்து அவர் கத்துவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மத்தியானத்துக்குத் தூக்குப்போசியில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடையலும் கொண்டு வந்தாள். வரப்பில் பண்ணைக்கீரை, வேலியில் முருங்கை, ஒரு நாள் கொள்ளு, ஒரு நாள் தட்டைப்பயறு. மடியில் எப்போதும் நாலு நெல்லிக்காய். ரேஷன் அரிசி வந்த பிறகு களி தின்பதைக் கௌரவக் குறைவாக நினைத்தவர்கள் சிரித்தார்கள். அவள் இன்னொரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டாள். ஆலைக்கும் வீட்டுக்கும் ஓடையைக் குறுக்கே கடக்காமல் சுற்றி நடந்தே போய் வந்தாள். ரவிக்கை தொளதொளவென்று ஆனது. ஊர் அதையும் விட்டு வைக்கவில்லை. பார்த்தீர்களா, குடி ஆளை உருக்குகிறது, சின்னப்பராஜும் இப்படித்தான் இளைத்தான் என்றார்கள். குண்டாக இருந்தபோதும் குடிகாரி, இளைத்தபோதும் குடிகாரி. நாடா மட்டும் புகை ஏறி ஏறி, நீலம் போய், அடுப்படிச் சுவர் நிறத்துக்கு வந்திருந்தது. சபையிலிருந்து மூன்றாவது தடவை ஆள் வந்தபோது, சபை நாடாவை இப்படி அசிங்கம் பண்ணலாமா என்று கேட்டார்கள். அசிங்கம் பண்ணினது யார் என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள்.

எண்பத்தேழு ஆகஸ்டில் மூன்றாவது ஸ்கேன். டாக்டரம்மா ரொம்ப நேரம் கருவியை உருட்டிவிட்டு, கொழுப்பு அநேகமாகப் போய்விட்டது என்று சிரித்தார். காவேரி சும்மா இருக்காமல் ஊர்க் கதையைக் கன்னடத்தில் அவரிடம் ஒப்பித்துவிட்டாள். குடிப்பழக்கத்தால் வந்தது இல்லை என்று டாக்டரம்மாவே ரிப்போர்ட்டின் அடியில் தனியாக எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊரில் காட்டம்மா என்று கொடுத்தார். மிக்கேலம்மாள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் அதை நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, அந்தக் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

சேதி தெரிந்தவள் காவேரி. அப்புறம் ஊருக்குத் தெரியாமல் போகுமா? செப்டம்பர் எட்டாம் தேதி காலையில் சகாயமேரி புது நாடா ஒன்றை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு மிக்கேலம்மாள் வீட்டுக்கு வந்தாள். நடந்தது நடந்துவிட்டது என்றாள். ரிப்போர்ட்டை ஒரு தடவை சபையில் காட்டிவிட்டால் எல்லோர் வாயும் அடைபடும், முன் வரிசையிலேயே நிற்கலாம் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

மிக்கேலம்மாள் களி கிண்டின கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"ரிப்போர்ட்டு இல்ல மேரி. நேத்தே ஆலை அடுப்புல போட்டுட்டன்."

டாக்டரே எழுதிக் கொடுத்ததையா, ஏன்க்கா என்றாள் சகாயமேரி.

"வச்சிருந்தா என்னிக்காவது ஒரு நாளு காட்டிப்புடுவன்னு பயமா இருந்துச்சு. போன வருசம் உங்க எல்லாத்து முன்னாடியும் என் வாயால சொன்னன். அதுக்கு மேல காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

புது நாடாவை அவள் வாங்கவில்லை. சேலையை மாற்றி, தலையை வாரி, புகை பிடித்த பழைய நாடாவைக் கழுத்தில் நேராக இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். சப்பரம் புறப்பட்டது. போன வருஷம் நின்ற அதே நடு இடத்தில் போய் நின்றாள். சகாயமேரி முன் வரிசையிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு யாரும் இரண்டு முழம் விலகவில்லை. விலகியிருந்தாலும் அவள் நடந்திருப்பாள்.